முகமாலையில் ஒரு வேலை

மார்கழியில், மயிலாப்பூரில், மாலை ஆறரை மணிக்கு மிதிவெடியைப் பற்றி ஒருவர் பேசப்போகிறார் என்று அழைப்பிதழில் போட்டும் இத்தனை நாற்காலிகள் நிறைந்திருப்பது எனக்கே ஆச்சரியம்தான். கூப்பிடு தூரத்தில் மூன்று சபாக்களில் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது; கேன்டீன்களும் திறந்திருக்கின்றன. ஆகவே சுற்றிவளைக்காமல் தொடங்குகிறேன்.

இலங்கைப் போர் இந்த ஊருக்குப் புதிதல்ல. 1982 மே 19 அன்று தி. நகர் பாண்டி பஜாரில் விடுதலைப் புலிகளின் பிரபாகரனும் அவர்களிடமிருந்து பிரிந்துபோன உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டார்கள். 1984 ஆகஸ்டில் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அந்தக் காலத்தில் கோடம்பாக்கத்திலும் அடையாற்றுப் பக்கத்திலும் இயக்கத்துப் பையன்கள் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கியிருந்தார்கள். அவர்களுக்கு வீடு கொடுத்தவர்கள் சிலர் இந்த அரங்கிலேயே இருக்கக்கூடும். 1987-இல் இந்திய அமைதிப்படை அங்கே போனது. 1990 மார்ச்சில் அது சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. அப்புறம் போர் முடிந்த 2009 மே. உண்ணாவிரதம், ஊர்வலம், கவிதை, சுவரொட்டி எல்லாம் நடந்தன. அதோடு நம் கவனமும் ஏறக்குறைய முடிந்துபோனது. போர் நடந்த நிலத்தில் மறுநாள் காலையிலிருந்து என்ன நடந்தது என்பதை இந்த நகரம் அதிகம் விசாரிக்கவில்லை.

நான் பேச வந்தது அந்த மறுநாள் காலையைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால் ஒரு வேலையைப் பற்றி. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, தனக்கும் சோறு கட்டிக்கொண்டு, நிறுவனத்து வண்டியில் ஏறிப் போய், நாள் முழுக்க முழங்காலிட்டு மண்ணைச் சுரண்டி, மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற வேலை. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வீரம் என்கிறார்கள், தியாகம் என்கிறார்கள். படம் பிடிக்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. எனக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. தியாகம் என்று சொல்லிவிட்டால் சம்பளம் எவ்வளவு, காப்புறுதி உண்டா, வேலை முடிந்த பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்பது அநாகரிகம் போல ஆகிவிடுகிறது. நான் அந்தக் கேள்விகளைத்தான் கேட்கப் போகிறேன்.

முதலில் இடம். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியில், முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வடக்கே போனால் கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, இயக்கச்சி, பளை என்று வரும். பளைக்கு அடுத்தது முகமாலை. பச்சிலைப்பள்ளிப் பிரதேசம் என்று நிர்வாகப் பெயர். தென்னைக்குப் பேர்போன மண்; பனையும் நிறைய. 2000 ஏப்ரலில் ஆனையிறவு முகாம் புலிகள் கைக்குப் போன பின், போர்முனை நகர்ந்து வந்து முகமாலையில் நின்றது. மேற்கே கிளாலி, கிழக்கே கடலோரம் நாகர்கோவில், நடுவில் முகமாலை என்று குடாநாட்டின் கழுத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. அந்தக் கோட்டின் இரு பக்கமும் எட்டு வருடங்களுக்கு மேல் இரு படைகள் மண்ணைத் தோண்டி உட்கார்ந்திருந்தன. 2002 போர்நிறுத்தத்தில் வீதி திறந்தது, முகமாலைச் சோதனைச் சாவடியில் ஆயிரக்கணக்கானவர்கள் பெட்டியைத் திறந்து காட்டி நடந்தார்கள். ஆனால் வீதியின் இரு மருங்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள்தான். 2006 ஆகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009 ஜனவரியில் இராணுவம் அந்தக் கோட்டைக் கடந்தது.

எட்டு வருடம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் படை என்ன செய்யும்? தனக்கு முன்னால் வெடி புதைக்கும். முன்னேறினால் புதிதாகப் புதைக்கும், பின்வாங்கினால் அங்கேயும் புதைக்கும். முகமாலையில் ஒரு வரிசைமேல் இன்னொரு வரிசை என்று அடுக்கடுக்காகச் சேர்ந்தது. உலகத்திலேயே மிக அடர்த்தியான மிதிவெடி வயல்களில் ஒன்று என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் முகமாலையைச் சொல்வது இதனால்தான்.

அரசுப் படை பாகிஸ்தானின் பி-4, சீனத்தின் டைப்-72, இத்தாலியின் வி.எஸ்.-50 போன்றவற்றைப் பயன்படுத்தியது. புலிகள் தாங்களே செய்தார்கள்: ஜொனி-95 ஒரு சின்ன மரப்பெட்டி, ரங்கன்-99 பாகிஸ்தானியப் பி-4-ஐப் பார்த்துச் செய்தது. எதிராளி புதைத்ததைத் தோண்டியெடுத்துத் திரும்பப் புதைப்பதும் நடந்தது. தொழிற்சாலையில் செய்தவை பெரும்பாலும் உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் டப்பாக்கள். இரும்பு மிகக் குறைவு. மழையில் கரையாது, வெயிலில் உருகாது. மரப்பெட்டி உளுத்துப்போனாலும் உள்ளே இருக்கும் வெடிமருந்து உளுப்பதில்லை. கொல்வதைவிடக் காலை எடுப்பதுதான் இவற்றின் நோக்கம். செத்தவனை விட்டுவிட்டுப் போகலாம், கால் போனவனைத் தூக்கிப் போக இரண்டு பேர் வேண்டும் என்ற கணக்கு. வெடிக்கும்போது மண்ணும் செருப்புத் துண்டும் எலும்பும் சதைக்குள் மேல்நோக்கி ஏறுவதால், பாதம் மட்டும் போனவருக்குக்கூட முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டிவரும் என்பார்கள் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள்.

இப்போது இதை எப்படி எடுக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானிக்க அனுமதியுங்கள், எனக்கு இதில் ஒரு பிரியம் உண்டு. சினிமாவில் நாம் பார்த்தது காதில் ஹெட்போன், கையில் நீளக் கம்பி, அதன் நுனியில் வட்டமான கருவி. கீச்சென்று சத்தம் வந்தால் நிற்பார்கள். அந்தக் கருவி உலோகத்தைத் தேடுகிறது. முகமாலை மண்ணில் அதற்கு இரண்டு சிக்கல். தேட வேண்டிய பொருளில் உலோகம் கிட்டத்தட்ட இல்லை. தேட வேண்டாத பொருளிலோ ஏராளம். எட்டு வருடம் எறிகணை விழுந்த நிலத்தில் ஒவ்வொரு அடியிலும் சன்னமும் சிதறலும் கிடக்கும். கருவி ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கத்தலுக்கும் தோண்டிப் பார்ப்பதென்றால் எப்படியும் முழு நிலத்தையும்தான் தோண்ட வேண்டும்.

அப்படியானால் தோண்டிவிடலாமே என்ற முடிவுக்கு 2002 போர்நிறுத்த காலத்தில் வந்தார்கள். தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவினர் தோட்டத்தில் சருகு கூட்டுகிற நீளப்பிடி வாரியை வைத்தே வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் துணையாக வந்த நோர்வே மக்கள் உதவி அமைப்பின் லூக் அட்கின்சன் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஏன் வேலை செய்கிறது என்று யோசித்து, அளவெடுத்து, விதிமுறை எழுதி, ஒரு முறையாக நிலைநிறுத்தினார். கெட்டி மண்ணை உடைக்க ஒரு கனமான வாரி, உடைந்த மண்ணைக் கூட்டியிழுக்க ஒரு லேசான வாரி. அவ்வளவுதான் ஆயுதம். மிதிவெடியின் அழுத்துதகடு அதன் மேல்பக்கத்தில் இருக்கிறது. வேலை செய்பவர் தனக்கு முன்னே ஒரு சிறு பள்ளத்திலிருந்து தொடங்கி, மண்ணைத் தன்னை நோக்கி, கிடையாக, மெல்ல இழுக்கிறார். வெடி இருந்தால் அதன் பக்கவாட்டுதான் முதலில் தெரியும். வாரியின் பல் மேலே அழுத்துவதில்லை. தவறி வெடித்தாலும் கைப்பிடியின் நீளம் முகத்துக்கும் வெடிக்கும் நடுவே இருக்கிறது. மணற்பாங்கான வடபுலத்து மண்ணுக்கு இது அப்படியே பொருந்தியது. கோடையில் மண் இறுகிவிட்டால் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து அப்புறம் இழுப்பார்கள். மாரி மழை வந்தால் வேறு தொல்லை, வெள்ளம் வெடியை இடம் மாற்றிவிடும்.

ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாதை. இரு பக்கமும் குச்சியும் கயிறும். ஒருவர் ஒரு பாதை. அடுத்தவர் பாதுகாப்பான தூரத்தில். வாரியால் சுரண்டி, விரற்கடை விரற்கடையாக முன்னேறி, குறித்த ஆழம் வரை முழு மண்ணையும் பார்த்தாக வேண்டும். வெடி தெரிந்ததும் அவர் செய்ய வேண்டியது, நிறுத்தி, அடையாளம் வைத்து, பின்னால் நடந்து வந்து பொறுப்பாளரைக் கூப்பிடுவது மட்டுமே. அதை அழிப்பது அதற்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவரின் வேலை. பதுங்குகுழிகள், பனங்குற்றி அடுக்கிய அரண்கள், மண் அணைகள் இருக்கிற இடத்தில் கவசம் போர்த்திய மண்வெட்டி இயந்திரங்கள் வருகின்றன. கடைசி வரை எல்லா இடத்திலும் போவது மனிதரின் முழங்கால்தான்.

இதில் கையைவிடப் புத்திக்கு வேலை அதிகம். இராணுவம் பெரும்பாலும் வரிசையாக, அளவான இடைவெளியில் புதைத்தது, பதிவேடும் வைத்திருந்தது. புள்ளிக்கோலம் போடத் தெரிந்த கண்ணுக்கு இரண்டு புள்ளி கிடைத்தால் மூன்றாவது எங்கே என்று தெரியும் அல்லவா, அப்படி. பிரச்சினை, மூன்றாவது அங்கே இல்லாதபோது தொடங்குகிறது. மாடு மிதித்து வெடித்துவிட்டதா? மழை கொண்டுபோனதா? புலிகள் எடுத்துப் போய் வேறெங்கோ வைத்தார்களா? இல்லை, புதைத்தவனே சோம்பலில் விட்டுவிட்டானா? பதில் தெரியும் வரை அந்த இடத்தை விட்டு நகர முடியாது. புலிகள் வைத்ததில் பல இடங்களில் வரிசையும் இல்லை, பதிவும் இல்லை. மர நிழல், கிணற்றடி, பதுங்குகுழியின் வாசல்: அலுத்துப்போன சிப்பாய் எங்கே உட்காருவான் என்று யோசித்து வைத்தது. எடுப்பவரும் அதையே யோசிக்க வேண்டும். பல வருடம் இந்த வேலையில் இருக்கிற ஒரு பெண்ணுக்கு, தன்னை ஒருபோதும் சந்திக்காத ஒரு சிப்பாயின் மனம் அத்துப்படி.

இந்த வேலையை நடத்தும் அமைப்புகளில் ஹலோ ட்ரஸ்ட், மாக் என்ற இரு பிரிட்டன் நிறுவனங்களும் 2002 முதல் அங்கே இருக்கின்றன. உள்நாட்டு அமைப்புகளான டாஷ் 2010-இலும் ஷார்ப் 2016-இலும் வந்தன. இராணுவத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. நம் நாட்டிலிருந்தும் போனார்கள்: ஓய்வுபெற்ற இராணுவப் பொறியாளர்களைக் கொண்ட ஹொரைசன், சர்வத்ரா ஆகியவற்றின் குழுக்கள் இந்திய அரசின் செலவில் வேலை செய்தன. 1987 முதல் 1990 வரை அதே மண்ணில் அமைதிப்படையினர் ஏறத்தாழ 1,200 பேர் உயிரிழந்தார்கள், அவர்களில் வெடியில் சிக்கியவர்களும் கணிசம். அந்தப் படையின் வழிவந்த பொறியாளர்கள் இருபது வருடம் கழித்துக் குனிந்து வெடி பொறுக்கினார்கள் என்பதைச் சென்னையில் யாரும் ஒரு கூட்டம் போட்டுச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

2009-இல் போர் முடிந்தபோது கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் வவுனியாவுக்குப் பக்கத்தில் மெனிக் பாம் முதலான முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். வெடி எடுக்காமல் அவர்களை ஊருக்கு அனுப்ப முடியாது என்றது அரசு. அது உண்மையும்தான், ஆனால் வசதியான உண்மை. 2012 செப்டம்பரில் மெனிக் பாம் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். வடக்கிலும் கிழக்கிலும் போர் விதவைகள் ஏறத்தாழ 90,000 பேர் என்று அரசுத் தரப்பே 2010-இல் கணக்குச் சொன்னது. அவர்களுக்கு அந்த ஊர்களில் கிடைத்த நிலையான மாதச் சம்பள வேலைகள் மிகச் சில. உடுப்புத் தொழிற்சாலை ஒன்று, இது ஒன்று. கணவனைப் போரில் இழந்தவர், காணாமற்போன மகனைத் தேடிக்கொண்டிருப்பவர், புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்த முன்னாள் போராளி, உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலையில்லாமல் இருந்த இளம்பெண் எல்லோரும் ஒரே வண்டியில் வந்திறங்கி அடுத்தடுத்த பாதையில் முழங்காலிட்டார்கள். பயமில்லையா என்று வருகிற பத்திரிகையாளர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடக் காசு கட்ட வேண்டும் என்ற பயம் இதைவிடப் பெரிதாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அவர்களுடைய வேலைத்தளத்தைப் பற்றிக் கேட்டபோது எனக்கு முதலில் உறைத்தது ஆபத்து அல்ல. ஒழுங்கு. முகக்கவசமும் மார்புக்கவசமும் இல்லாமல் கயிற்றைத் தாண்ட முடியாது. மருத்துவ உதவியாளரும் ஆம்புலன்ஸும் இடத்தில் நிற்காமல் வாரி மண்ணில் படாது. மருத்துவ உதவியாளர் வரவில்லையென்றால் அன்று வேலை இல்லை. அடிபட்டவரைத் தூக்கி வண்டியேற்றும் ஒத்திகை திரும்பத் திரும்ப நடக்கும். நடுநடுவே ஓய்வு கட்டாயம். எனக்குக் களைப்பில்லை என்று யாரும் வீரம் காட்ட முடியாது. இதெல்லாம் உலகம் முழுவதற்குமான தர விதிகளில் எழுதி வைத்தவை. அப்படியும் விபத்துகள் நடந்திருக்கின்றன, கைகால் போயிருக்கின்றன, உயிரும் போயிருக்கிறது. ஆனால் அது நடந்தால் விசாரணை உண்டு, அறிக்கை உண்டு, அடுத்த நாள் விதி மாறுவதும் உண்டு.

இங்கே ஒரு கிளைப்பாதை போகிறேன், தலைவர் மன்னிக்க வேண்டும். இந்த அரங்கிலிருந்து நடக்கிற தூரத்தில் எத்தனை ஆள்நுழைவுக் குழிகள் இருக்கின்றன என்று வரும்போது பார்த்தீர்களா? கழிவுநீர்க் குழியில் பாதுகாப்புக் கருவியில்லாமல் மனிதரை இறக்குவதை 2013-இல் சட்டம் தடுத்தது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக்கியது. நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் கணக்குகளில், இப்படி இறந்தவர்களின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்துவந்திருக்கிறது. அடையாற்றில் நம் ஐ.ஐ.டி. கழிவுத்தொட்டி சுத்தம் செய்ய ஹோமோசெப் என்று ஓர் இயந்திரமே செய்தது. இயந்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. குழிக்கு மேலே ஆம்புலன்ஸ் நிற்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. கால் நூற்றாண்டுப் போரில் சிதைந்த ஒரு பிரதேசத்தில், கைம்பெண்களையும் முன்னாள் போராளிகளையும் வேலைக்கு வைத்துக்கொண்டு, உயிரைக் காக்கும் ஒரு நடைமுறையைக் கட்டிக் காட்ட முடிந்திருக்கிறது. சென்னையில் அது முடியவில்லை என்றால் காரணம் பணமோ தொழில்நுட்பமோ அல்ல. இறங்குகிறவர் எந்தச் சாதி என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சரி, பளைக்குத் திரும்புவோம்.

நிலம் சுத்தமான பிறகு என்ன நடக்கிறது? தரக்கட்டுப்பாட்டுக் குழு வந்து மாதிரிக்கு இடங்களைத் தேர்ந்து மறுபடி பார்க்கும். 2010-இல் அமைந்த தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் கோப்பை முடிக்கும். கையளிப்புச் சான்றிதழ் மாவட்ட செயலகத்துக்குப் போய், பிரதேச செயலகத்துக்கு வந்து, கிராம அலுவலர் வழியாகக் காணிச் சொந்தக்காரரை அடையும். இவ்வளவும் ஒழுங்காக நடந்தாலும் காணிச் சொந்தக்காரர் யார் என்பதே தகராறாகிவிடும். காணி உறுதிப் பத்திரம் போரில் எரிந்திருக்கும். அப்பா பெயரில் இருந்த அனுமதிப் பத்திரம், அப்பா காணாமற்போனவர் பட்டியலில். மயிலாப்பூர் வக்கீல்களுக்கு ஒரு செய்தி: இலங்கைச் சட்டப்படி பத்து வருடம் தடையின்றி அனுபவித்தவர் அந்தக் காணிக்கு உரிமை கோரலாம். போரால் ஓடியவர்கள் இதில் பாதிக்கப்படக் கூடாது என்று 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது கணக்கில் கழித்தது 1983 மே முதல் 2009 மே வரையான போர்க்காலத்தை. மிதிவெடிக்கு அந்தத் தேதி தெரியாது. 2009-க்குப் பிறகும் பல வருடம் கயிற்றுக்கு வெளியே நின்று தன் வளவைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் இருக்கிறார்கள். அதுபோக, வெடியே இல்லாமல், இராணுவம் மட்டும் இருப்பதால் திரும்பக் கிடைக்காத காணிகளும் உண்டு. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் 2017-இல் தெருவில் உட்கார்ந்தது அதற்காகத்தான்.

கிடைத்த நிலத்திலும் உடனே வருமானம் இல்லை. தென்னம்பிள்ளை நட்டால் காய்க்க ஆறேழு வருடம், பனைக்குப் பதினைந்துக்கும் மேல். அதுவரை? காட்டில் விறகும் பழைய இரும்பும் பொறுக்கப் போகிறார்கள், சுத்தமாகாத பக்கமாகவே. எறிகணைக் கோதைப் பிரித்து விற்கப் போய்க் கைபோனவர்கள் கதை கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் எந்த ஊரிலும் கிடைக்கும். கால் போனவர்களுக்கு 1987-இல் தொடங்கிய யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிறுவனம் பெரிய ஆதரவு; 2010-இல் ஜெய்ப்பூரிலிருந்தே ஒரு குழு போய் முகாம் போட்டுக் கால் பொருத்தியது. நம் கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் செயற்கைக் கால் பொருத்துவதைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும், கால் ஒருமுறை வாங்குகிற பொருள் அல்ல. குழந்தை வளர வளர மாற்ற வேண்டும், பெரியவருக்கும் சில வருடத்துக்கு ஒருமுறை தேயும்.

இந்தச் சங்கதி இந்த ஊரையும் தொடுகிறது. ஈழத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரகாசன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இன்றும் முகாம்களில் வேலை செய்கிறது. 2021-இல் நம் அரசு அகதி முகாம் என்ற பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. கும்மிடிப்பூண்டியிலோ மண்டபத்திலோ முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகலாமா என்று யோசிக்கும் குடும்பம் பலவற்றை எடைபோடுகிறது. தங்கள் காணியில் வெடி எடுத்தாயிற்றா என்பதும் அதில் ஒன்று. அதற்கான பதில் பளையில் யாரோ ஒரு அக்காவின் அன்றைய பாதை எத்தனை மீட்டர் முன்னேறியது என்பதில் இருக்கிறது.

உலகம் பக்கம் ஒரு பார்வை. 1997 ஜனவரியில் அங்கோலாவின் ஹுவாம்போவில் இளவரசி டயானா ஹலோ நிறுவனத்தின் மிதிவெடி வயலில் நடந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஒட்டாவாவில் தடை ஒப்பந்தம் கையெழுத்தாகத் தொடங்கியது. அதற்காக உழைத்த இயக்கத்துக்கும் ஜோடி வில்லியம்ஸுக்கும் நோபல் அமைதிப் பரிசு. இலங்கை இருபது வருடம் தள்ளி நின்று, 2017 டிசம்பர் 13-இல் சேர்ந்தது. இந்தியா இன்றும் சேரவில்லை. சீனா, பாகிஸ்தான், ரஷ்யா, அமெரிக்காவும் சேரவில்லை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் ராஜஸ்தான், பஞ்சாப், ஜம்மு எல்லையில் நம் இராணுவம் உழவர்களின் வயல்களில் லட்சக்கணக்கில் வெடி புதைத்தது. புதைக்கும்போதும் திரும்ப எடுக்கும்போதும் நம் சிப்பாய்களே மாண்டார்கள். போர் நடக்கவே இல்லை. 2025-இல் லித்துவேனியா, லாட்வியா, எஸ்தோனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்தும் ரஷ்யாவுக்குப் பயந்து ஒட்டாவா ஒப்பந்தத்திலிருந்து விலக முடிவெடுத்தன. ஒரு வெடியைப் புதைக்க மூன்று டாலர், எடுக்க 300 முதல் 1,000 டாலர் என்று ஐக்கிய நாடுகள் சபை வெகுகாலமாகச் சொல்லிவரும் கணக்கை அந்த நாடுகளும் அறியும். கம்போடியாவில் வெடி மோப்பம் பிடித்த மகாவா என்ற எலிக்கு 2020-இல் பிரிட்டனில் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். நல்ல எலி, கொடுத்தது நியாயம். பளையில் அதைவிட அதிகம் எடுத்த பெண்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பதை மட்டும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

இனி, நான் கேட்க வந்த கடைசிக் கேள்வி: வேலை முடிந்த பிறகு இவர்கள் என்ன செய்வார்கள்? ஒட்டாவா ஒப்பந்தம் இலங்கைக்கு வைத்த கெடு 2028 ஜூன் 1. இதுவரை லட்சக்கணக்கான வெடிகள் எடுக்கப்பட்டுவிட்டன. மிச்சமிருப்பது ஆரம்பத்தில் இருந்ததில் சிறு பகுதி. இந்த வேலையில் கெட்டிக்காரராக இருக்க இருக்க வேலை சீக்கிரம் தீர்ந்துபோகும். பெரும்பாலும் வெளிநாட்டு நன்கொடையில்தான் ஓடுகிறது. 2025 ஜனவரியில் வாஷிங்டனில் ஒருவர் ஒரு கையெழுத்துப் போட்டு வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, அமெரிக்கப் பணத்தில் நடந்த வெடியகற்றும் பணிகள் உலகெங்கும் நின்றன. 2022-இல் இலங்கை ரூபாய் சரிந்து விலைவாசி எகிறியபோது அவர்களது சம்பளத்தின் பாதி மதிப்பு காற்றில் போனது. மொசாம்பிக் 2015-இல் வெடியற்ற நாடு என்று அறிவித்துக்கொண்டது. விழா எடுத்தார்கள், அங்கு இந்த வேலையும் அதோடு முடிந்தது.

வன்னியில் விழாவுக்கு மறுநாள் யார் வருவார்கள் என்று ஊகிப்பது கடினமல்ல. நுண்கடன் நிறுவனத்துக்காரர்கள். வாரத் தவணை வசூலிக்க வீட்டு வாசலில் வந்து உட்காருகிறவர்கள். 2018-இல் இலங்கை அரசே தலையிட்டு, வறட்சி மாவட்டப் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிவந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மிதிவெடிச் சம்பளம் இருந்த வீடுகள் அந்தச் சுழலிலிருந்து ஓரளவு தப்பி நின்றன. பத்துப் பன்னிரண்டு வருடம் இதைச் செய்த நாற்பது வயதுப் பெண்ணுக்குச் சேமலாப நிதியாக ஒரு தொகை கிடைக்கும், முழங்கால் வலி கிடைக்கும். நிலத்தை அளக்க, வரைபடம் படிக்க, முதலுதவி செய்ய, பத்துப் பேரை வழிநடத்த, எழுதிய விதியை எழுதியபடி கடைப்பிடிக்க அவருக்குத் தெரியும். நில அளவைத் துறைக்கும் கட்டுமானப் பாதுகாப்புக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் இதைவிட என்ன தகுதி வேண்டும்? நிறுவனங்கள் தையலும் கோழி வளர்ப்பும் சொல்லிக்கொடுக்கின்றன. தையலைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு மிதிவெடி வயலை நடத்தியவருக்கு நாம் நீட்டும் அடுத்த படி ஒரு தையல் இயந்திரம் என்றால், அவர் இத்தனை நாள் செய்தது என்ன என்பதே நமக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு என்னைப் போல் கேட்டறிந்து பேசுகிற ஆளை அழைக்காதீர்கள். பளையிலிருந்து ஒருவரை அழையுங்கள். 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிற தூரம்தான். எனக்குத் தரும் சன்மானத்தை அவருக்குத் தாருங்கள். விடுப்பு எடுத்து வருகிற நாளுக்கான கூலியையும் அதில் சேர்த்துவிடுங்கள். சென்னைக் கழிவுநீர்த் தொழிலாளர் சங்கத்துக்காரர்களை முன்வரிசையில் உட்காரவைத்தால் கேள்வி நேரம் நன்றாக இருக்கும்.